மூன்றாவது மாடியில் இருக்கிறோம் என்று சொல்

நம்மில் பல பேர் இப்போது நவி மும்பையில், கோபர்கைரனேயிலும் வாஷியிலும் லிஃப்ட் வைத்த கட்டடங்களில் குடியிருக்கிறோம். யாராவது பேச்சுவாக்கில், "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி நிற்கிறோம். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் கவனிப்பேன். கேஸை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறவள் நான். மகனுடைய ரயில் பத்து நிமிடம் தாமதமானால் பால்கனிக்கும் வாசலுக்கும் நடக்கிறவள். அந்த ஒரு நொடியில் நாம் என்ன செய்கிறோம் என்று எனக்குத் தெரியும். கேட்டவர் முகம் எப்படி மாறும் என்று பார்த்துக்கொள்கிறோம். பிறகு "சயான் பக்கம்" என்கிறோம். சில பேர் மாஹிம் என்பார்கள். தாராவி என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறவர்கள் நம் வயதில் குறைவு.

இப்போதைய பிள்ளைகள் அப்படி இல்லை. அந்தப் பெயரைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். வெள்ளைக்காரர்கள் நம் சந்துகளைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். நல்லதுதான். ஆனாலும் அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்று கையால் மறைக்கத் தோன்றுகிறது.

நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மழைக்காலத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தங்கைக்கு ஐந்து.

அப்பா தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தார். உப்புப் போட்ட தோல் வந்து இறங்குகிற நாளில் எங்கள் சந்து எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாற்றம் மூக்கோடு நிற்காது, சோற்றில் ஏறும், தலையணையில் ஏறும். எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டைகளை அம்மா வெளிக்கொடியில் காயப் போட மாட்டாள். வீட்டுக்குள்ளேயே ஸ்டவ்வுக்கு மேலே காயவைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். காலையில் நாங்கள் அதைப் போட்டுக்கொண்ட பிறகு அப்பா எங்களைத் தொட மாட்டார். சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவார். கிளம்பும்போது அம்மா எங்கள் கழுத்தில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். அது முத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தங்கை அதை முத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் பியூன் வேலைக்குப் போயிருந்தார். அந்தக் கதையை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"ஃபாரத்துல தாராவின்னு எழுதினானாம்ட்டி. அது வரைக்கும் சிரிச்சுப் பேசிட்டு இருந்த ஆளு, அதை வாசிச்சதும் நாற்காலிய ரெண்டடி பின்னால தள்ளிக்கிட்டானாம். இவன் மேல அன்னைக்கு ஒரு நாத்தமும் கெடையாது. ரெண்டு தடவ சோப்பு போட்டுக் குளிச்சிட்டுல்லா போனான்."

அம்மா மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டில் காலையில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவாள். பழைய மூன்று மாடிக் கட்டடம். முன்பக்கம் அகலமான மரப்படி. பின்பக்கம் வேலைக்காரர்கள் ஏறுவதற்கு இரும்பில் ஒரு சுழல்படி. மழைக்காலத்தில் அதில் பாசி பிடிக்கும். அம்மா அதில்தான் ஏறுவாள். மாமி நல்லவள். பழைய புடவை தருவாள், எங்களுக்கு மருந்து தருவாள், அம்மாவுக்குக் காப்பி தருவாள். அந்தக் காப்பிக்கு ஒரு டம்ளர் பின்கட்டு ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். என்னை மாட்டுங்கா பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று முதலில் சொன்னதும் மாமிதான்.

"தாராவின்னு எழுதினியானா கொழந்தைய கடைசி பெஞ்சுல தள்ளிடுவா. எங்காத்து அட்ரஸையே எழுதிக்கோ. நீ எங்காத்தோடயே தங்கி வேலை பாக்கறேன்னு நான் லெட்டர் தரேன். அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம், கேட்டியா."

அவர் என்றால் மாமா. அந்தக் கடிதம் எங்கள் வீட்டில் தெய்வப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கடிதத்தால் நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த நாள் முதல் பயந்துகொண்டே உட்கார்ந்தேன்.

பள்ளி விட்டதும் என் பெஞ்சுக்காரி ஒருத்தியும் நானும் சேர்ந்து நடப்போம். அவள் அப்பா பாங்கில் வேலை. மாமி கட்டடம் வந்ததும் நான் கையசைத்துவிட்டு உள்ளே போவேன். முன்படிக்கு அடியில், கரண்டு மீட்டர்கள் இருக்கும் இருட்டில் நிற்பேன். மீட்டர் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்கும். நூறு வரை எண்ணிவிட்டு வெளியே வந்து, ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலம் ஏறி எங்கள் சந்துக்கு ஓடுவேன். வாட்ச்மேன் கண்டும் காணாமல் இருப்பான். பின்படியில் வருகிறவளின் பெண் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த ஜூன் மாதம் தங்கையையும் அதே பள்ளியில் சேர்த்தார்கள். அவளைத் தயார்செய்கிற வேலை என்னிடம் வந்தது. நடைபாலத்தில் வைத்துக் கேட்பேன்.

"எங்க இருக்க?"

"மாட்டுங்கா."

"எந்த வீடு?"

"மாமி பில்டிங். மூணாவது மாடி."

"அப்பா எங்க வேல பாக்காவ?"

"தோலு..."

முழங்கைக்கு மேலே உள்பக்கத்துச் சதையைப் பிடித்துக் கிள்ளுவேன். அங்கே கிள்ளினால் வெளியே தெரியாது. "ஆபீஸ்ல" என்று வரும் வரைக்கும் கிள்ளுவேன். அவள் அழ மாட்டாள். உதட்டை மடித்துக்கொண்டு திரும்பச் சொல்வாள்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. ஒரு சனிக்கிழமை மதியம் பள்ளி விட்டு வருகிறோம்; கூடுதல் வேலை என்று அன்று மாமி வீட்டிலேயே நின்றுவிட்ட அம்மா, மாமிக்கு ஏதோ வாங்கிக்கொண்டு ஈரப் புடவையோடு தெருவில் வந்தாள். தங்கை "அம்மா" என்று கூவிக்கொண்டு ஓடப் போனாள். என் பெஞ்சுக்காரி பக்கத்தில் நிற்கிறாள். நான் தங்கையின் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அம்மா எங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விட்டாள். அன்று வீட்டில் அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் தங்கையிடம் சொன்னேன்: "மாட்டுங்கால வச்சு அம்மான்னு கூப்பிடக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் அம்மா. புரிஞ்சுதாட்டி?"

புரிந்தது என்று தலையாட்டினாள்.

ஜூலையில் ஒரு நாள் மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். ரயில் நின்றுவிட்டது என்று ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்த மழைக்காலம் முழுவதும் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. சாக்கு தூக்கினவனையெல்லாம் நிறுத்தி அடித்தார்கள். நான் தங்கையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமி கட்டடம் வரை வந்துவிட்டேன். கையசைத்துவிட்டு உள்ளே நுழைந்தால், பின்னாலேயே பெஞ்சுக்காரியும் நுழைகிறாள்.

"உங்காத்துக்கு வரேன்டி. மழை விட்டதும் போயிடறேன். ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கியா நீ?"

மேலே மூன்றாவது மாடி. மாமா வீட்டில் இருக்கிறாரோ என்னவோ. மாமி கதவைத் திறந்து என்னைப் பார்த்து, பின்பக்கம் வா என்று சொல்வாள். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். மேலே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, வரக் கூடாது, நான் உன்னை உன் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"அப்போ இவ?"

அவள் மேலே போய்விடுவாள், இந்தத் தண்ணீரில் இன்னும் அவளால் நடக்க முடியாது என்றேன். தங்கையின் காதில் சொன்னேன்: "இங்கயே நில்லு. நான் வார வரைக்கும் அசையக் கூடாது. யாரு கேட்டாலும் என்ன சொல்லணும்?"

"மூணாவது மாடி" என்றாள்.

மீட்டர்களுக்குக் கீழே அவளை நிற்க வைத்துவிட்டுப் போனேன். போய்வரக் கால் மணி நேரம் என்று நினைத்தேன். அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது படிக்கு அடியில் தண்ணீர்தான் இருந்தது. அவள் இல்லை. வாட்ச்மேன் ஸ்டூலும் காலி. நான் மேலே போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். இரண்டு மாடி ஏறினேன், உண்மையாகவே ஏறினேன். மூன்றாவது மாடியிலிருந்து மாமா யாரையோ அதட்டுகிற குரல் கேட்டது. இறங்கிவிட்டேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"சின்னவ எங்கட்டி?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாலத்துக்குக் கீழே, நாலா ஓரத்தில், கை நழுவிவிட்டது என்றேன். கழிவுநீர் ஓடுகிற அந்த அகலமான வாய்க்கால் அன்று ரோட்டோடு ரோடாக ஓடிக்கொண்டிருந்தது. கட்டடத்தில் விட்டேன் என்று சொன்னால், எதற்காக விட்டாய் என்று கேட்பார்கள். பெஞ்சுக்காரிக்கு நம் வீடு தெரிந்துவிடும் என்பதற்காக என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பொய்க்கு நான்கு வருடமாகப் பழகியிருந்தேன். இன்னொன்று சுலபமாக வந்தது.

அப்பா கொட்டகையிலிருந்து அப்படியே ஓடி வந்தார். தொட்டியில் தோலைப் புரட்டுகிற நீளமான மூங்கிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவரோடு கொட்டகை ஆட்கள் ஆறேழு பேர். நாலாவில் மார்பளவு தண்ணீரில் இறங்கி அந்த மூங்கிலால் குத்திக் குத்தித் தேடினார்கள். சாக்கு, டயர், செத்த பன்றி ஒன்று. ஒவ்வொரு முறை மூங்கில் எதிலாவது தட்டும்போதும் அப்பா நிமிர்ந்து கரையில் நின்ற என்னைப் பார்ப்பார். "இங்கனதான? இன்னும் தள்ளியா?" நான் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டுவேன். அவர் அங்கே போவார். அங்கே அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. இருட்டுகிற வரைக்கும் இப்படியே இடம் காட்டிக்கொண்டிருந்தேன். இந்த வயதிலும் ரோட்டில் யாராவது மூங்கிலைத் தோளில் வைத்துப் போனால் நான் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவேன்.

விடிந்ததும் அவர்கள் திரும்பவும் நாலாவுக்குக் கிளம்பினார்கள். அப்பாவின் கால் முழுக்கக் கீறல். அம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானும் தண்ணீரில் இறங்கப் போவதாகச் சொன்னாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"நாலால இல்லம்மா. மாமி பில்டிங்குல விட்டேன்."

அம்மா என்னை அடிக்கவில்லை. முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும், "அந்தப் பிள்ள கண்ணுல நான் படக் கூடாதுன்னுதான் அன்னைக்கு ரோட்ட தாண்டினேன்" என்றாள். பெஞ்சுக்காரியைச் சொன்னாள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆளை அனுப்பி அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று அம்மா முன்படியில் ஏறினாள். ஈரக் காலோடு மூன்று மாடியும் ஏறிக் கதவைத் தட்டினாள். மாமி திறந்தாள். அம்மாவை முன்வாசலில் பார்த்ததுமே அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எம்பிள்ள எங்க மாமி?"

மாமி உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒன் பொண்ணாடி அது? சத்தியமா நேக்கு மொகம் தெரியலடி. பெரியவளைத்தானே பாத்திருக்கேன். நேத்து வாட்ச்மேனுக்குப் பதிலா வந்தவன் யாரோ அநாதைன்னு வெளில அனுப்பிச்சுட்டான் போலருக்கு. பூக்காரி பாத்து சவுக்கில விட்டிருக்கா. சாயங்காலம் போலீஸ்காரன் அழைச்சுண்டு வந்தான். மூணாவது மாடிதான் என் வீடுன்னு சாதிக்கறதாம். அவர் பக்கத்துல நிக்கறார். லெட்டர் சமாச்சாரம் அவருக்குத் தெரியாதேடி. நான் என்ன சொல்லுவேன்? தெரியாதுன்னுட்டேன்."

"மொகம் தெரியலையா மாமி?" என்று அம்மா கேட்டாள்.

தங்கையின் முகம் என் முகம்தான், எல்லோரும் சொல்வார்கள். மாமி செருப்பு மாட்டிக்கொண்டு எங்களோடு இறங்கினாள். அவளை நான் இன்று வெறுக்கவில்லை. நான் இரண்டு மாடி ஏறித் திரும்பினது எதற்காகவோ, அவள் தெரியாது என்று சொன்னதும் அதற்காகத்தான்.

சவுக்கி என்பது மார்க்கெட் முனையில் ஒரே அறை கொண்ட போலீஸ் சாவடி. கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும். காய்கறி வாங்குகிறவர்கள் எல்லாம் உள்ளே பார்த்துக்கொண்டே போவார்கள். தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி பாவ் ரொட்டி. உயிரோடு இருந்தாள். அவள் எங்களைப் பார்த்தாள். அம்மாவை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏட்டி" என்று அம்மா ஓடிப்போய்த் தூக்கப் போனாள். அங்கே இருந்த போலீஸ் ஹவல்தார் நடுவில் கையை நீட்டினார். "யே தேரி மா ஹை?" என்று தங்கையிடம் கேட்டார். இவள் உன் அம்மாவா என்று கேட்பது அவளுக்கும் புரியும்.

அவள் பேசவில்லை.

ஹவல்தாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளை பிடிக்கிறவர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம். குழந்தை மாட்டுங்கா என்கிறது, இவள் தாராவி என்கிறாள். மாமியைப் பார்த்து, நேற்று இந்தப் பிள்ளையைத் தெரியவே தெரியாது என்றீர்களே, இன்று எப்படித் தெரிந்தது என்று இந்தியில் கேட்டார். மாமி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டாள். அப்பா வந்து சேர்ந்தார், நாலாச் சேறும் தோல் நாற்றமுமாக. அவரைப் பார்த்ததும் ஹவல்தார் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அப்பா கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"பெத்த தாயைத் தெரியலயாட்டி ஒனக்கு? நான் அம்மாட்டி" என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை அப்போதும் குனிந்தேதான் இருந்தாள். கண்ணீர் மட்டும் பாவ் மேல் விழுந்தது. பெரிய போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுகிறேன், அங்கிருந்து அநாதை விடுதிக்குப் போகும், நீங்கள் கோர்ட்டில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஹவல்தார் ரிஜிஸ்டரைத் திறந்தார்.

அங்கே இருந்தவர்களில் அவள் ஏன் பேசவில்லை என்று தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். நான் போய் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவள் சட்டென்று கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள், கிள்ளுகிற இடம் மறையும்படி.

"கிள்ள மாட்டேன்" என்றேன். "அம்மான்னு கூப்பிடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ரகசியமாகக் கேட்டாள்: "மாட்டுங்காலயா?"

"மாட்டுங்காலதான். கூப்பிடலாம்."

"வீடு எங்கன்னு கேட்டா?"

"தாராவின்னு சொல்லு."

இதில் ஏதோ சூது இருக்கிறது என்பதுபோல இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாவைக் கீழே போட்டுவிட்டு "அம்மா" என்று கத்தினாள். அப்படி ஒரு சத்தம் அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "தாராவி, தாராவி" என்று கத்திக்கொண்டே அம்மாவின் மேல் போய் விழுந்தாள். ஹவல்தார் பேனாவை வைத்துவிட்டார். அப்பா வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்தப் பெயர் ரிஜிஸ்டரில் ஏறியதும், பள்ளியிலிருந்து அட்ரஸ் கேட்டு ஆள் வந்ததும், ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டதும் அதற்குப் பிறகு நடந்தவை. அவற்றை நினைத்து நான் பெரிதாக அழுததில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தங்கையிடம்கூட.

அந்தச் சத்தத்துக்கு மார்க்கெட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று உள்ளே பார்த்தார்கள். தங்கை கிடைத்துவிட்டாள். அம்மா அவளை அணைத்துக்கொண்டு தரையில் கிடக்கிறாள். நான் அவர்களிடம் போகவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, அந்தக் கூட்டத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது நிற்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.